உடைந்த சுரத்துக்குப் பிறகு

கூடத்திலிருந்து அந்த ஒற்றைச் சுரம் மறுபடியும் எழுந்தது. சமையலறையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த மாதவியின் கை அப்படியே நின்றது. தாழ்ந்த, மெல்லிய சுரம். மூச்சு தீரும்வரை நீண்டு, எப்போது ஓய்ந்தது என்று தெரியாமல் ஓய்ந்தது. சிறிது மௌனம். பிறகு மீண்டும் அதே சுரம்.

“என்னக்கா இது, கால் மணி நேரமா ஒன்னையே ஊதுறாரு? பாட்டு எப்ப வரும்?” என்றாள் தங்கை உஷாராணி, வெங்காயம் நறுக்கியபடி. “இதுக்கா சம்பளம் குடுக்குறாங்க? நீயா இருந்தா இந்நேரம் நாலு பாட்டு முடிச்சிருப்ப லா.”

மாதவி சிரித்தாள். உண்மைதான். வாத்தியப் பெட்டியைத் திறந்ததுமே பிடித்த பாட்டை ஊதிவிடுவாள் அவள். உதடு களைத்தால் மூடிவிடுவாள். கூடத்தில் இருந்த குகனுக்கோ அதுதான் தொழில். நகரத்தின் பெரிய இசைக்குழுவில் பிரெஞ்சு ஹார்ன் வாசிப்பவன். காலையிலிருந்து வாத்தியத்தைத் தொடவில்லை, கொஞ்சம் உதட்டைப் பழக்கிக்கொள்ளட்டுமா என்று வந்ததும் அனுமதி கேட்டிருந்தான்.

மாதவிக்கு நாற்பத்து மூன்று வயது. தங்கையோடு பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் குடியிருக்கிறாள். தினமும் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போய், ரத்தச் சுத்திகரிப்பு மையமொன்றில் தாதியாக வேலை பார்க்கிறாள். பள்ளி நாளில், யாரும் விரும்பாத இரண்டு வளைந்த பித்தளை வாத்தியங்களை பேண்டு ஆசிரியர் இவளுக்கும் குகனுக்கும் கொடுத்தார். ஐந்து வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. பிறகு அவனுக்கு வெளிநாட்டில் இசை படிக்க இடம் கிடைத்தது. புறப்படுவதற்கு முந்தைய நாள் மாலை வீட்டுக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தான். மல்லிகை சூடி வாசலையே பார்த்திருந்தாள் மாதவி. பூ வாடியது. அவன் வரவில்லை.

இருபத்தைந்து வருடங்கள்! ஆனாலும் அவள் ஹார்னைக் கீழே வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் கூடி வாசிக்கும் ஒரு சிறு குழுவில் இருந்தாள். அங்கே யார் தவறினாலும் எல்லாரும் சிரிப்பார்கள். முதலிலிருந்து மறுபடி தொடங்குவார்கள்.

போன மாதம் அந்தக் குழுவின் கச்சேரிக்குக் குகன் வந்திருந்தான். இன்று அவனுடைய இசைக்குழுவில் ஒருவருக்கு உடல்நலமில்லை. சனிக்கிழமைக் கச்சேரியில் நான்காவது ஹார்ன் நாற்காலி காலி. மாதவியை ஒருமுறை வாசிக்கக் கேட்டு, அவளை அதில் உட்காரவைக்கலாமா என்று முடிவு செய்யவே வந்திருந்தான். அந்த மேடையில் ஒரே ஒருநாள் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது மாதவி எத்தனையோ ரயில் பயணங்களில் கண்ட கனவு.

தேநீரைக் கூடத்தில் குகன் முன் வைத்துவிட்டுத் தன் ஹார்னை மடியில் ஏந்தினாள். வலக்கையை அதன் அகன்ற வாய்க்குள் நுழைத்துக்கொண்டாள். வெளியே மழை பிடித்தது. அழகாகத்தான் தொடங்கினாள். உச்சத்துக்குப் போன இடத்தில் சுரம் உடைந்தது.

“சாரி” என்று நிறுத்தி, முதலிலிருந்து ஊதினாள். அதே இடத்தில் மறுபடி உடைந்தது. “சாரி, சாரி.”

குகன் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “எனக்கும் ஒடையும் மாதவி. வாரத்துல ரெண்டு தடவையாவது.”

“உன் கச்சேரில நான் கேட்டதே இல்லையே.”

“நின்னாத்தான கேக்கும்? நான் நிக்கறதில்ல. ஆயிரம் பேர் முன்னால யாருகிட்ட சாரி கேக்குறது? மூஞ்சிய மாத்தாம அடுத்ததுக்குப் போயிருவேன்.”

மூன்றாம் முறை. அதே இடம். உடைந்தது. முகம் கொதித்தது. உதடு நிற்கத் துடித்தது. அவள் நிற்கவில்லை. அடுத்த சுரம் வந்தது, அதற்கடுத்தது வந்தது. மோனோரயில் ஒன்று மழையினூடே மிதந்து போயிற்று. சுவர்கள் விலகி, ஈர வெளிச்சத்துக்குள் அந்த வீடே மெல்ல நகர்வதுபோல் இருந்தது. உஷாராணி கத்தியும் கையுமாகச் சமையலறை வாசற்படியில் நின்றுவிட்டாள். முடித்தபோது எந்த இடத்தில் உடைந்தது என்று மாதவிக்கே நினைவில்லை.

“வியாழக்கிழம பத்து மணிக்கு ஒத்திகை. சனிக்கிழமைக்குக் கறுப்பு உடுப்பு” என்றான் குகன். “இந்த ஒரு கச்சேரி மட்டும்தான். அதுக்கு மேல என்னால வாக்குக் குடுக்க முடியாது.”

“வாக்குக் குடுக்காம இருக்கறதுதான் உங்களுக்கு நல்லதுண்ணே” என்றாள் உஷாராணி.

ஒரு கச்சேரி போதும் என்று மாதவி சொன்னாள். கண்கள் நிறைந்திருந்தன.

குகன் பெட்டியை மூடித் தோளில் மாட்டினான். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவருகில் நின்றான்.

“மாதவி... அன்னைக்குச் சாயங்காலம் நான்...”

குரல் உடைந்து நின்றுவிட்டது. இந்த வார்த்தைகளுக்காக அவள் எத்தனை இரவுகள் அழுதிருப்பாள்! இப்போது பார்த்தால், அவன் காதோரம் நரைத்திருந்தது. மழையில் சட்டை நனையப் போகிறதே என்றுதான் தோன்றியது.

“நிக்காத குகன்” என்றாள், குடையை அவன் கையில் கொடுத்து. “அடுத்ததுக்குப் போ. வியாழக்கிழம சீக்கிரமே வந்துர்றேன்.”

அவன் தலையசைத்துவிட்டு நடந்தான். மின்தூக்கி அவனை ஏற்றிக்கொண்டு இறங்கும்வரை பார்த்திருந்து, மாதவி கதவைச் சாத்தினாள்.