தார்ப்பாய்க்கு அடியில் இரண்டு பேர்

வலியசாலையில் எங்கள் வீட்டுக்கு அந்தப் பத்திரிகை வருகிற நாளில் என் கணவர் காபியைக்கூட ஆறவிட்டுவிடுவார். பத்திரிகை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நாகர்கோவில் பக்கம் நாலைந்து பேர் சேர்ந்து எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, ஸ்டேப்ளர் அடித்து அனுப்புகிற இருபது பக்கம். காட்டில் வழி தப்பினால் என்ன செய்வது, ஈர விறகில் எப்படி அடுப்பு மூட்டுவது, கொஞ்சம் சாமான்களோடு எப்படிக் குடித்தனம் பண்ணுவது, இதுதான் விஷயம். ஆபீஸ் ஃபைலைத் தவிர வேறெதையும் கட்டி அவிழ்த்தறியாத மனுஷர், ரிட்டையரான பிறகு இதில் தலைகுப்புற விழுந்தார். நானும் படிப்பேன், பொய் சொல்வானேன். அடுக்களையில் பாதிப் பாத்திரத்தை ஒழித்தது அதைப் படித்துத்தான்.

சந்தா கிடையாது. ஆனால் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பிரதி ஆறு வீடு சுற்ற வேண்டும். படித்ததில் எதையாவது செய்து பார்த்து, அந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதி, செய்தவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு, அடுத்த வீட்டுக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். செய்யாததை எழுதக் கூடாது. கடைசியில் பிரதி முதல் வீட்டுக்கே திரும்பி வரும். எங்கள் பிரதிக்கு நாங்கள்தான் முதல் வீடு.

போன வருஷம் ஐப்பசியில் வந்த இதழில், மழைக்குத் தார்ப்பாய் கட்டுகிற விதம் போட்டிருந்தது. உடனே ஆரியசாலைக் கடைத்தெருவுக்குப் போய் நீலத் தார்ப்பாயும் கயிறும் வாங்கி வந்துவிட்டார். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் துணி உலர்த்துகிற கம்பிக்காலுக்கும் இழுத்துக் கட்டி, மத்தியானம் ஐப்பசி மாதத்துத் துலாமழை பிடித்துக்கொண்டதும் கீழே குரல் கொடுத்தார்.

"கொஞ்சம் மேலே வாயேன். ரெண்டு பேரும் உட்காரலாம்."

"எனக்கு வேற வேலை இல்லையா? எதிர்வீட்டு மாமி பார்த்தா கைகொட்டிச் சிரிப்பா. நீங்க இறங்கி வாங்கோ. ஜலதோஷம் பிடிச்சா நான்தான் கஷாயம் வைக்கணும்."

ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். அப்புறம் பத்திரிகையின் ஓரத்தில் எழுதினார்: "நானும் என் மனைவியும் மழையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஒரு சொட்டு விழவில்லை." எனக்குச் சுரீரென்று வந்தது.

"வாய் கூசாம எழுதியிருக்கேளே! நான் எப்போ உட்கார்ந்தேன்?"

"அடுத்த மழைக்கு வந்துடு, நிஜமாயிடும். இப்போ ஒரு கையெழுத்துப் போடேன்."

"செத்தாலும் போட மாட்டேன்."

சிரித்தபடி தன் கையெழுத்தை மட்டும் போட்டார். பக்கத்தில் எனக்கென்று கொஞ்சம் இடம் விட்டுவிட்டு, உறையை ஒட்டினார்.

அதற்கப்புறம் நாலைந்து மழை வந்தது. ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டார். அரிசி ஊறப் போட்டிருக்கேன், முட்டி வலிக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று நானும் ஒவ்வொரு சாக்காகச் சொன்னேன். கார்த்திகையில் ஒரு காலை, குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. செத்தாலும் என்று சொன்னேனே, அந்த நாக்கை நான் என்ன பண்ணுவது?

ஆறு வீடும் சுற்றிவிட்டுப் பிரதி இந்த ஆடியில் திரும்பி வந்தது. அவர் எழுதியதற்குக் கீழே, விழிஞ்ஞத்தில் கட்டட வேலை பார்க்கிற ஒருவர் எழுதியிருந்தார்: "சார், என் பொண்டாட்டி வரவே மாட்டேன்னா. உங்க வீட்டு அம்மாவே உட்கார்ந்திருக்காங்கன்னு படிச்சுக் காட்டினேன். உடனே வந்தா. ரெண்டு பேரும் நனையாம டீ குடிச்சோம். அம்மாகிட்ட சொல்லுங்க." கீழே இரண்டு கையெழுத்து. இரண்டாவது, எழுத்துக் கூட்டிக் கோணல்மாணலாகப் போட்டது. அதைப் பார்த்து வாய்விட்டு அழுதேன். என்னை நம்பி அவள் போயிருக்கிறாள். நான் போகவில்லை.

இந்த ஐப்பசியில், மத்தியானம் இருட்டிக்கொண்டு வந்ததும், தார்ப்பாயை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். பத்திரிகையில் போட்டிருந்த படத்தைப் பார்த்து முடிச்சுப் போட மூன்று தடவை ஆயிற்று. எதிர்வீட்டு மாமி ஜன்னலில் நின்று பார்த்தாள். சிரிக்கவில்லை. மழை கொட்டியது. இன்னொருவர் உட்கார இடம் விட்டு ஓரமாக உட்கார்ந்தேன். அவர் எழுதினது சரிதான், ஒரு சொட்டு விழவில்லை.

"ஏன்னா, இவ்வளவுதானா? இதுக்கா நான் வரலை?" என்று சத்தமாகவே கேட்டேன்.

மழை விட்டதும் கீழே வந்து பிரதியைப் பிரித்தேன். அவர் விட்டுவைத்திருந்த இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். செய்யாததை எழுதக் கூடாது என்பது விதி. சேர்ந்து உட்காரவில்லை, பொய்தான். இருக்கட்டும்.