நான்காவது பதக்கம்

திருவண்ணாமலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சக்கரபாணிக்கு ஒரு பைத்தியம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் கப்பல் ஏறிய நம்மூர்க்காரர்களின் பதக்கங்களையும் பணிக் காகிதங்களையும் தேடி அலைவார். ஓரத்தில் பொறித்த பெயரும் பணி எண்ணும் அழியும்படி பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்த்தவர்களைக் கண்டால் மட்டும் அவருக்குக் கோபம் மூக்கின் மேல் வந்துவிடும்.

மாட்டுப் பொங்கலன்று கடைக்கு விடுமுறை. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து விவசாயி வளவன் வீட்டுக்குப் போயிருந்தார். வளவனின் தாத்தா மாலுமி. அவருடைய காகிதத்தில் நான்கு பதக்கங்கள் என்றிருந்தது, பெட்டியிலோ மூன்றுதான்.

"இன்னொண்ணு எங்கங்க?"

வளவன் தொழுவத்தைக் காட்டினார். கொம்பில் புதுப் பெயிண்ட் பளபளக்க நின்ற காளையின் கழுத்தில், சலங்கைகளுக்கு நடுவே பதக்கம் தொங்கியது.

"மாட்டுக்கா கட்டுவீங்க? அது என்னன்னு தெரியுமா உங்களுக்கு?" சக்கரபாணிக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

"தெரியுங்க. தாத்தாவே ஆரம்பிச்சு வெச்சதுதான். 'நான் நாலு வருஷந்தான் ஒழைச்சேன், இதுங்க ஆயுசு பூரா ஒழைக்குது'னு சொல்லிக் கட்டுனாராம். வருஷா வருஷம் பொங்கலுக்குக் கட்டறோம்."

வளவன் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொள்ள, சக்கரபாணி குனிந்து ஓரத்து எண்ணைப் படித்தார். காகிதத்தில் இருந்த அதே எண். காளை அவர் சட்டைக் காலரை நக்கியது, அவர் தள்ளிவிடவில்லை.

பொங்கல் சாப்பிட்டுவிட்டு நோட்டைத் திறந்து எழுதினார்: 'நான்காவது பதக்கம், இன்னும் பணியில் இருக்கிறது.'