கெண்டைக்காலின் அளவு

தனபால் இளவயதிலிருந்தே நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணையில் தீவன மூட்டை தூக்கியவர். எழுபது வயதில் நாற்காலியிலிருந்து எழுவதற்கே மனைவி கண்ணாத்தாளின் கை வேண்டியிருந்தது.

மருத்துவமனையில் டாக்டர் அவருடைய கெண்டைக்காலை டேப்பால் சுற்றி அளந்தார். பிறகு கைப்பிடியின் வலுவை அளக்கும் ஒரு கருவியைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். தனபால் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தியும் முள் கொஞ்சம்தான் நகர்ந்தது.

"தசை ரொம்பக் கரைஞ்சிருக்குங்க" என்றார் டாக்டர்.

"எடை குறையவே இல்லீங்களே?" என்றாள் கண்ணாத்தாள்.

"தசை போன இடத்துல கொழுப்பு சேர்ந்திருக்கும்மா. அதான் எடையில தெரியல. தினமும் முட்டை, பருப்பு நல்லாக் குடுங்க."

"ஏனுங்க, கிட்னி டாக்டரு அதையெல்லாம் குறைக்கச் சொல்லிப்போட்டாருங்களே!"

டாக்டர் பழைய ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். "அவர்கிட்டக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார்.

திரும்பும்போது டவுன் பஸ் வந்து நின்றது. தனபால் கம்பியைப் பிடித்துக் காலைத் தூக்கினார். படி எட்டவில்லை. கண்ணாத்தாள் பின்னாலிருந்து தாங்கிப் பார்த்தாள். உள்ளே இருந்தவர்கள் எட்டிப் பார்க்கவும் அவர் கம்பியை விட்டுவிட்டார்.

"நீங்க போங்க, கண்டக்டரு" என்றார்.

பஸ் கிளம்பியது.

"அடுத்ததுல ஏறிக்கலாங்க" என்றாள் கண்ணாத்தாள்.

அவர் தொடையைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.