முட்டை வண்டிக்கு ஷாக் மாற்றிய கதை

தொண்டூரிலிருந்து செஞ்சிக் கடைகளுக்குத் தினமும் காரில் முட்டை கொண்டுபோகிறேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் நாலைந்து உடைகிறது. அதனால் இன்று குலுக்கலைத் தாங்குகிற ஷாக் அப்சார்பரை மாற்றப் போனேன்.

கடைக்காரத் தம்பி முதலில் காட்டியது காரைத் தரையோடு இறக்குகிற செட்.

"எனக்கு எதுக்குப்பா இறக்கணும்? உள்ள முட்ட இருக்குது" என்றேன்.

அப்புறம் விலை குறைந்த ஒன்றை எடுத்தான். அதில் ஒரு திருகு. ஒரு பக்கம் திருப்பினால் கெட்டியாகும், மறுபக்கம் திருப்பினால் இளகும்.

"யக்கா, ஓட்டுறவரு எவ்ளோ வெயிட்டு?"

"தொண்ணூத்தஞ்சு கிலோ."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. பத்து வருடமாக இந்தக் காரை என் வீட்டுக்காரர்தான் ஓட்டினார்.

தம்பி நன்றாக முறுக்கிவிட்டான். மீதி முட்டையோடு கிளம்பினேன். முதல் வேகத்தடையிலேயே கார் கட்டைவண்டி மாதிரி குதித்தது. ஒரு அட்டை முட்டை போச்சு. சீட்டெல்லாம் மஞ்சள். திரும்பி வந்து கத்தினேன்.

"நீதானக்கா தொண்ணூத்தஞ்சுன்ன? அண்ணன வரச்சொல்லு, ஒக்கார வெச்சு சரி பண்றேன்."

"அவரு போயி அஞ்சு மாசம் ஆவுது. நாந்தான் ஓட்டுறேன். நாப்பத்தெட்டு கிலோ."

தம்பி குனிந்து திருகை இளக்கினான். பாவம் பார்த்து அளவில்லாமல் இளக்கிவிட்டான். இப்போது கார் தொட்டில் மாதிரி ஆடுகிறது.

முட்டைக்கு எத்தனை திருப்பு சரி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஓட்டுகிறவர் வெயிட்டை மட்டும் கேட்காதீர்கள். மறுபடியும் தப்பாகத்தான் சொல்வேன்.