என் பெயர் வைக்க இருந்த கோள்

கல்யாணமாகிப் புதுச்சேரிக்கு வந்த நாளிலிருந்து என் பெயர் காணாமல் போயிருந்தது. தெருக் குழாயடியில் நான் "குமாஸ்தா வூட்டம்மா". வீட்டில் "இந்தா". பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் அவர் குடும்பத்தில் ஏழு தலைமுறைக்கும் இல்லையாம். இத்தனைக்கும் அவருக்கு உத்தியோகம், நகராட்சி அலுவலகத்தில் பிறப்புப் பதிவேடு எழுதுவது. ஊர்க் குழந்தைகளின் பெயரையெல்லாம் அழகான கையெழுத்தில் எழுதுகிற மனுஷனுக்கு என் பெயர் மட்டும் வாயில் நுழையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிரான்சுக்குக் கப்பலேறிய அவருடைய பழைய மேலதிகாரி, ஒரு பைனாகுலரையும் நட்சத்திர வரைபடம் ஒன்றையும் இவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஐம்பத்தாறாம் வருஷம் கத்திரி வெயிலில் வீடு வெந்துகொண்டிருந்ததால், இருட்டியதும் மொட்டை மாடிக்குப் போய்விடுவோம். நட்சத்திரங்களைப் பார்த்து நோட்டில் குறிப்பது என் வேலையாயிற்று. அவர் குறித்தால் கோணல்மாணலாக இருக்கும். எனக்கோ தினமும் வாசலில் பதினைந்து புள்ளிக் கோலம் போட்டுப் பழகிய கை.

நாலாம் நாள் ஒரு புள்ளி இடம் மாறியிருந்தது.

"நீதான் தப்பா வெச்சிருப்ப" என்றார்.

"எனக்குக் கோலத்துல புள்ளி தப்பி நீங்க பாத்திருக்கீங்களா?"

மறுநாளும் அது மேற்கே நகர்ந்திருந்தது. வரைபடத்தில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அவர் நோட்டைப் பிடுங்கி இரண்டு தடவை பார்த்துவிட்டு விளக்கினார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே ஆயிரத்துக்கு மேல் சிறுகோள்கள் சூரியனைச் சுற்றுகின்றனவாம். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்து, அது போகும் பாதையும் கணக்கில் உறுதியாகிவிட்டால், கண்டவருக்கே பெயர் வைக்கும் உரிமையாம்.

"ஒம் பேர வெச்சிடலாம். ஒலகமே சொல்லும்."

உலகம் சொல்வது இருக்கட்டும், முதலில் நீங்கள் சொல்லுங்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். வானத்து வழியாகவாவது என் பெயர் திரும்பி வரட்டுமே என்ற ஆசைதான்.

ஒரு வாரத்துப் புள்ளிகளைச் சேர்த்து, பிரெஞ்சில் கடிதம் எழுதி, பிரான்சில் இருந்த ஒரு வானாய்வகத்துக்கு அனுப்பினார். என் பெயரையும் அதில் எழுதினார். எழுதத்தான் அவருக்கு வருமே. அதன்பிறகு தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலே நான் வாசலுக்கு ஓடினேன். அவசரக்குடுக்கையாகக் குழாயடியிலும் சொல்லி வைத்துவிட்டேன்.

பதில் வந்தது. மிக மரியாதையான கடிதம். நாங்கள் பார்த்தது வெஸ்டாவாம். ஏறக்குறைய நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்துப் பெயரும் வைத்தாயிற்றாம். நகர்ந்துகொண்டே இருப்பதால் நட்சத்திர வரைபடத்தில் அதற்கு இடம் கிடையாதாம். சூரியனை ஒரு சுற்றுச் சுற்ற மூன்றரை வருஷத்துக்குச் சற்று மேலாகும். ஆனாலும் பூமியும் கூடவே சுற்றுவதால் அடுத்த வருஷம் புரட்டாசியிலேயே நம் கண்ணுக்கு மறுபடி பளிச்சென்று தெரியும் என்று எழுதியிருந்தார்கள். புள்ளிகள் துல்லியம் என்று ஒரு வரி பாராட்டு. பெயர், ரோமாபுரியில் அடுப்பைக் காக்கும் தெய்வத்தினுடையதாம்.

"அடுப்பா? வானத்துலயும் அதே வேலதானா!" என்று விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்துவிட்டு உள்ளே போய் அழுதேன். அவர் கதவருகே வந்து நின்றது தெரியும். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"என்னா, ஒங்க கோளு இன்னும் வரலியா?" என்று குழாயடியில் ஒரு வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அடுத்த புரட்டாசியில், மழை விட்டு வானம் வெளுத்திருந்த ஒரு நாள், விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். நான் காரக்குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து ஒரு பெயர் கேட்டது. யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். இரண்டாம் தடவைதான் அது என் பெயர் என்று உறைத்தது.

கரண்டியோடு மேலே ஓடினேன். பக்கத்து மாடியில் நின்றவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு பைனாகுலரை நீட்டினார்.

"வந்துடுச்சி, பாரு."

நான் வாங்கவில்லை. "காதுல வுழல. இன்னொரு வாட்டி கூப்புடுங்க."

கூப்பிட்டார். ஊருக்கே கேட்கும்படி கூப்பிட்டார். கீழேயிருந்து குழம்பு தீயும் வாசனை வந்தது. அடுப்பைக் காக்கிற தெய்வம் பார்த்துக்கொள்ளட்டும் என்று நான் மாடியிலேயே நின்றேன்.