வெயில் இல்லாத நாளில் சூரியன்

வேலையை நிறுத்தச் சொல்லி முதலாளியோடு நான் சண்டை போட்ட காலையில், சுங்கை சிப்புட் தோட்டத்தில் சூரியனே தெரியவில்லை. கூரை வேய்ந்ததுபோல் மேகம் மூடியிருந்தது. காற்று இல்லை. ட்ரோனில் மருந்து தெளிக்க இதைவிட நல்ல நாள் அமையாது என்று எங்கள் தொழிலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் மட்டும், சூரியன் சரியில்லை, இன்றைக்குப் பறக்க வேண்டாம் என்றேன்.

முதலாளி அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“எந்த சூரியன்? இருக்கா அது?”

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு இருபத்தாறு வயது. அனுபவக் குறிப்பு எழுத இது ஒரு வயதா என்று எங்கள் ஆபீசிலேயே கேட்டுவிட்டார்கள். ட்ரோன் தொழிலுக்கு என்னைவிட வயது குறைவு, அதனால் பரவாயில்லை.

1. எலும்பு முறிவு

ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் கம்பெனி. எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு ட்ரோனில் மருந்து தெளிப்பதுதான் தொழில். முதலாளி நாச்சியப்பன். அவர் குடும்பம் காரைக்குடிப் பக்கமிருந்து வந்து மூன்று தலைமுறையாக ஜவுளி விற்றது. இவர் மட்டும் துணியை விட்டுவிட்டு ட்ரோன் வாங்கினார். எங்களுக்கு அவர் நாச்சி அண்ணன். ட்ரோன் ஓட்டுகிறவன் சரவணன். எந்த வழியாக ஓட்ட வேண்டும் என்று கணினியில் கோடு போட்டுக் கொடுப்பவள் நான்.

இயற்பியல் படித்த காலத்திலிருந்தே எனக்கு ஒரு பழக்கம். காலையில் கண் விழித்ததும் செயற்கைக்கோள் எடுத்த சூரியனின் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டுத்தான் பல் விளக்குவேன். இணையத்தில் யாரும் பார்க்கலாம், இலவசம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் டீக்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டே அதைப் பார்த்தபோது சரவணன் எட்டிப் பார்த்தான்.

“என்னா கவி இது? அடுப்புக்கரியா?”

“சூரியன்டா. எக்ஸ்ரே படம்.”

“சூரியனுக்கு எக்ஸ்ரேயா? எங்க போயி கைய ஒடச்சிகிச்சி?”

பக்கத்து மேசையிலிருந்து நாச்சி அண்ணன், “பாவம்லா, கட்டுப் போட்டு விடு” என்றார். கடையே சிரித்தது.

ஆனால் சரவணன் சொன்ன அடுப்புக்கரி சரியான உவமை. நாம் பார்க்கும் சூரியன் வெள்ளைத் தட்டு. எக்ஸ்ரே படத்தில் அந்தத் தட்டு கறுத்துக் கிடக்கும். எக்ஸ்ரே கிளம்புவதற்குப் பல லட்சம் டிகிரி சூடு வேண்டும். சூரியனின் மேற்பரப்பில்கூட அவ்வளவு சூடு கிடையாது. அதற்கு மேலே படர்ந்திருக்கும் மெல்லிய வாயுவுக்குத்தான் அந்தச் சூடு உண்டு. சாத்தே இறைச்சி சுடுகிறவர் அடுப்பை விசிறும்போது கறுப்புக்கு நடுவே அங்கங்கே கனல் பளீரென்று எழுமே, படம் அப்படித்தான் இருக்கும். அந்தக் கனல் திட்டுகளில்தான் வெடிப்புகள் நடக்கும். பூமியின் காற்று எக்ஸ்ரேயைக் கீழே விடாது. அதனால் செயற்கைக்கோள்தான் மேலே நின்று படம் பிடிக்க வேண்டும். மேகம் அதற்குக் கீழே எங்கேயோ கிடக்கிறது.

இதற்கும் மருந்து தெளிப்பதற்கும் என்ன சம்பந்தம்? ட்ரோன் தான் நிற்கும் இடத்தை வானத்திலிருந்து வரும் சிக்னலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. எல்லாம் ஒழுங்காக இருந்தால் ஒரு விரல் அகலம்கூட விலகாது. சூரியனில் வெடிப்பு நடந்தால் அந்த எக்ஸ்ரே, சிக்னல் வரும் வழியிலுள்ள மேல்வானத்தைக் கலக்கிவிடும். சில வெடிப்புகள் ரேடியோ இரைச்சலையும் சேர்த்து அனுப்பி சிக்னலையே அமுக்கும். எல்லா வெடிப்பும் இப்படிச் செய்யாது. செய்கிறபோது ட்ரோன் வழி தவறும்.

2. இடது ஓரம்

அந்தச் சுங்கை சிப்புட் வேலைக்குச் சில நாள் முன்பு படத்தின் இடது ஓரத்தில் ஒரு கனல் தெரிந்தது. சூரியன் சுற்றும்போது புதிய திட்டுகள் இடது பக்கமிருந்துதான் நம் பக்கம் திரும்பும். சாதாரண படத்தில் அந்த ஓரம் துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது. கரும்புள்ளி இன்னும் முதுகுப் பக்கம். ஆனால் அதன்மேல் எழும்பி நின்ற கனல் வளையங்கள் எக்ஸ்ரேயில் விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்த்தன. மலைப்பாதையில் லோரி வளைவு திரும்பும் முன்பே அதன் விளக்கு வெளிச்சம் எதிர் மரங்களில் விழும் அல்லவா, அதுபோல.

“அண்ணே, பெருசா ஒன்னு வருது” என்றேன்.

“எப்ப வெடிக்கும்?”

“அத சொல்ல முடியாதுண்ணே.”

“அப்பொறம் என்னாத்துக்குப் பாக்குற?”

நியாயமான கேள்வி. “கடிக்கிற நாய் ஒன்னு ரோட்டுல நிக்கிதுன்னு தெரிஞ்சா போதும்ண்ணே. எப்ப கடிக்கும்னு தெரியணுமா? கையில குச்சி எடுத்துக்குவோம்ல.”

“ம்ம்” என்று கைப்பேசியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த “ம்ம்”முக்கு அர்த்தம், வேலைக்கு நாள் குறித்தாயிற்று என்பது.

3. மூடிய வானம்

அந்தத் தோட்டம் முன்பு ரப்பர். இப்போது முழுக்கச் செம்பனை. மட்டையிலேயே பை தைத்துக்கொண்டு தொங்கும் உலாட் புழு மரங்களைத் தின்றுகொண்டிருந்தது. ஓர வரிசைகளில்தான் சேதம் அதிகம். அந்த ஓரத்தை ஒட்டி தேவராஜ் அண்ணனின் மீன்குளம்.

தேவராஜ் அண்ணன் லோரி ஓட்டியவர். அதை விட்டுவிட்டு கெலி என்ற கெளுத்தி மீன் வளர்க்க இறங்கியிருந்தார். நான் கோடு போடுவதற்காக இடம் பார்க்கப் போனபோதே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து கேட்டார்.

“தங்கச்சி, மருந்து என் கொளத்துல விழுமா?”

“விழாதுண்ணே.”

“ரெண்டு தடவ வெள்ளம் அடிச்சிட்டுப் போயிருச்சி. இந்தத் தடவதான் மீனு கைக்கு வந்திருக்கு. அடுத்த வாரம் புடிக்கிறேன். விழாதுன்னு நீ சொல்றியா, கம்பெனி சொல்லுதா?”

“நான் சொல்றேன். கோடு நான்தான் போடுறேன்.”

புழு மருந்து கெலிக்கு விஷம். கொஞ்சம் விழுந்தாலும் குளமே போய்விடும். அதனால்தான் அன்று காலை லோரியிலிருந்து ட்ரோனை இறக்கும்போது மறுபடியும் கைப்பேசியில் படத்தைத் திறந்தேன். இடது ஓரத்துக் கனல் இப்போது நடு முகத்துக்கு வந்திருந்தது. எக்ஸ்ரே அளவைக் காட்டும் கோடு செங்குத்தாக ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த படம் வந்தபோது அந்த இடம் வெறும் வெள்ளை. கேமராவே கூசிப்போகும் அளவுக்கு வெளிச்சம்.

வேண்டாம் என்று சொன்னேன். நாச்சி அண்ணன் வானத்தைக் காட்டி, நான் முதலில் எழுதிய அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“வெயில் வேறண்ணே, சூரியன் வேற” என்றேன். “மேகம் வெயிலத்தான் மறைக்கும். இத மறைக்காது.”

“ரிமோட்ட பாரு. பச்ச எரியுது. சிக்னல் நல்லாத்தானே இருக்கு?”

“இப்ப இருக்கு.”

“இந்தா பாரு கவி. தோட்டத்து மேனேஜர் ரெண்டு தடவ போன் பண்ணிட்டாரு. இன்னிக்கி அடிக்கலனா வேற கம்பெனிய கூப்புடுறேன்னு சொல்றாரு. அவருகிட்ட போயி நான் என்னான்னு சொல்றது? சூரியனுக்கு ஒடம்பு சரியில்ல, எம்சி லீவு போட்டுருச்சின்னா?”

சரவணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு பம்ப்பைத் துடைத்தான். எனக்கு அழுகை வந்தது. ஆனால் வாய் நிற்கவில்லை, எனக்கு அது நிற்காது.

“மருந்து வேணாம்ண்ணே. தண்ணி ஊத்தி ஓட்டுங்க. ஒரே ரவுண்டு. கோட்ட தாண்டலனா நானே மருந்து கலக்கித் தாரேன். சூரியன் பேச்ச இனிமே எடுக்க மாட்டேன்.”

நாச்சி அண்ணன் யோசித்தார். வியாபாரக் குடும்பத்து மனிதர். நஷ்டமில்லாத பந்தயம் என்று தெரிந்ததும் முகம் மாறியது.

“தண்ணி தானேலா. ஊத்து.”

4. திறந்த வாய்கள்

முதல் வரிசையில் ட்ரோன் நூல் பிடித்ததுபோல் போனது. இரண்டாவது வரிசையும் அப்படியே. நாச்சி அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. தேவராஜ் அண்ணன் குளத்துக் கரையில் மோட்டாரில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் விட்டு ஓட்டுகிறோம் என்று அவரிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

மூன்றாவது வரிசை குளத்தோரம். பாதி போனதும் ரிமோட் கத்தியது. பச்சை மறைந்து மஞ்சள் வந்தது. ட்ரோன் கொஞ்சம் தயங்கியது. பிறகு யாரோ தோளில் கை வைத்துத் தள்ளியதுபோல் பக்கவாட்டில் நகர்ந்தது. தெளித்துக்கொண்டே நகர்ந்தது. மரவரிசையை விட்டது, கரையைத் தாண்டியது, குளத்துக்கு மேலே போனது.

“சரா! கையில எடு!” என்று கத்தினேன்.

“எடுத்துட்டேன், எடுத்துட்டேன்!” சரவணன் ரிமோட் குச்சியைப் பிடித்து இழுத்து அதைக் கரைக்குத் திருப்பினான். வழியில் தேவராஜ் அண்ணன் முழுக்க நனைந்துபோனார்.

“டேய் சரவணா! குளிச்சிட்டுத்தான்டா வந்தேன்!”

கத்திய வேகத்திலேயே அவர் குரல் அடங்கியது. சட்டையைப் பார்த்தார். குளத்தைப் பார்த்தார். தண்ணீர்மேல் சொட்டுகள் விழுந்த சத்தத்தை, தீனி என்று நினைத்துக் கெலிகள் மேலே வந்திருந்தன. குளம் முழுக்க வாய்கள். மீசையும் வாயுமாகத் திறந்து திறந்து மூடின.

“தங்கச்சி...” என்றார். “இது...”

“தண்ணிண்ணே. வெறும் தண்ணி.”

“சத்தியமா?”

“நாந்தான் ஊத்துனேன்.”

அவர் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நாச்சி அண்ணன் அந்த வாய்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அவர் கைப்பேசி அடித்தது. மேனேஜர்.

“இல்ல சார், இன்னிக்கி முடியாது... இல்ல இல்ல, மழை இல்ல... சூரியன்ல பிரச்சினை.” அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். நாச்சி அண்ணன் முதுகை நிமிர்த்திக்கொண்டு, பிறந்ததிலிருந்தே இதைச் சொல்லி வருபவர்போல் சொன்னார்: “வெயில் வேற சார், சூரியன் வேற. எங்கள்ட்ட அதப் பாக்க ஆளு இருக்கு.”

எனக்குக் கிடைத்த சம்பள உயர்வெல்லாம் ஒருநாள் மறந்துபோகும். இந்த வாக்கியம் போகாது.

மேனேஜர் வேறு கம்பெனியைக் கூப்பிடவில்லை. அன்று ஈப்போவில் நிலம் அளந்துகொண்டிருந்த என் நண்பனுக்கும் அதே நேரத்தில் கருவி தடுமாறியிருக்கிறது. சிக்னலை மறைக்கிறது என்று அவன் மரத்தைத் திட்டிக்கொண்டிருந்தானாம். படத்தில் கனல் அடங்கிய பிறகு ஒரு காலையில் போய் உள்வரிசைகளைத் தெளித்து முடித்தோம். குளத்தோர மரங்களுக்கு மேலே தெளிக்கவே இல்லை. தண்டில் துளை போட்டு மருந்து ஏற்றினோம். அது நாச்சி அண்ணனின் யோசனை.

தேவராஜ் அண்ணன் மீன் பிடித்த அன்று எங்கள் ஆபீசுக்கு ஒரு வாளி கெலி வந்தது. உயிரோடு. சரவணன் மேசைமேல் ஏறி நின்றுகொண்டான்.

5. போர்டில் ஒரு கட்டம்

எங்கள் ஆபீஸ் வெள்ளைப் பலகையில் ஒவ்வொரு வேலைக்கும் காற்று, மழை என்று இரண்டு கட்டம் இருக்கும். அந்த வாரம் நாச்சி அண்ணன் தன் கையாலேயே மூன்றாவது கட்டம் போட்டு “சூறியன்” என்று எழுதினார். நான் திருத்தவில்லை. இன்றுவரை யாரும் திருத்தவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு “ஓகே” சொல்லாதீர்கள். படத்தைப் பாருங்கள். இடது ஓரத்தைக் கவனியுங்கள். என்றைக்கு வெடிக்கும் என்று கேட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள், அதில் வெட்கமில்லை. ஆனால் கனல் இருக்கிறது என்று தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். யாரும் நம்பாவிட்டால் சண்டை போடுவதற்கு முன் தண்ணீரை ஊற்றி ஓட்டிக் காட்டுங்கள். நான் சண்டையை முதலில் போட்டேன். அதில் கொஞ்ச நேரம் வீணானது.

அந்தத் தோட்டத்தில் எங்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது. நாங்கள் வரும் நாளென்று தெரிந்தால் விடிந்ததும் தேவராஜ் அண்ணன் போன் செய்துவிடுவார்.

“தங்கச்சி, எக்ஸ்ரே வந்துருச்சா?”

படத்தைத் திறந்து இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை ஒருமுறை பார்ப்பேன்.

“வந்துருச்சிண்ணே. எலும்பெல்லாம் நல்லாருக்கு.”