வெர்லின் ஹாகனின் நாடித்துடிப்பு

வெர்லின் ஹாகன் முப்பது கோடைகளாகக் காளைகளிடம் முட்டு வாங்கிப் பிழைக்கிறவர். ரோடியோ என்னும் காளைச் சவாரிப் போட்டியில் கோமாளி. காளைமேல் ஏறியவன் மண்ணில் விழுந்ததும், அது அவனை விட்டுவிட்டுத் தம்மை முட்ட வரும்படி கெஞ்சிக் கூத்தாடுவது அவர் வேலை. காளை இணங்கிவிட்டால் மைதான நடுவிலிருக்கும் மெத்தை வைத்த பீப்பாய்க்குள் குதித்துவிடுவார். கனடாவில், ஆல்பர்ட்டா மாகாணத்தின் தென்கோடியில் இதை நாங்கள் கௌரவமான வேலையாகவே கருதுகிறோம். காப்பீட்டு ஏஜென்டுகளைத்தான் சற்றுச் சந்தேகமாகப் பார்ப்போம்.

மைதானத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்யும் எனக்கு அவர் பரம சாது. வீட்டில் கதை வேறு. சனிக்கிழமை ரோடியோ என்றால் வியாழக்கிழமையே அவருக்குப் பயம் வந்துவிடும். வெள்ளியன்று திறக்காத ஜாம் பாட்டிலோடு சண்டை போடுவார். சனி காலையில் தட்டிலிருப்பதைத் தொடமாட்டார். மைதானத்துக்குள் கால் வைத்ததும் எல்லாம் அடங்கிவிடும். ஒரே ஆபத்தைப் பல வருடம் பார்த்த உடம்பு அப்படித்தான். அட்ரினலின் சுரப்பதை அது நிறுத்துவதில்லை, சுரக்கும் நேரத்தை முன்னுக்குத் தள்ளிக்கொள்கிறது. காளை வந்து சேர்வதற்குள் பயம் தன் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிடும்.

குளிர்காலம் இன்னும் மோசம். உடம்பு கேட்கும், கொடுக்கக் காளை இருக்காது. அதனால் உறைபனிக் கூரைமேல் ஏறிப் புகைபோக்கியைக் குடைவார். தேவாலயக் கமிட்டியில் திரைச்சீலையின் நிறம் குறித்துப் போர் தொடுப்பார். இரவில் தூங்கமாட்டார்.

இந்த வசந்தத்தில் ரோடியோ சங்கம் புதிய விதி போட்டது: ஐம்பதைத் தாண்டியவர்கள் மருத்துவரிடம் தகுதிச் சான்று வாங்கியாக வேண்டும். ஊருக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் நடீன் ரத்த அழுத்தத்தை மூன்று முறை அளந்தார்.

“இந்த அழுத்தத்தோட உங்களை அனுப்ப முடியாது, வெர்லின். வேலைய விட்டுட்டு ஓய்வெடுங்க.”

மனைவி ஆர்லிஸ் சந்தோஷப்படுவார் என்று டாக்டர் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவரோ கைப்பையை மேஜைமேல் பொத்தென்று வைத்தார்.

“டாக்டர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். கையெழுத்துப் போட்டுடுங்க.”

“உங்க வீட்டுக்காரர் உயிருக்கு யாரு பொறுப்பு?”

“என் உயிருக்கு யாரு பொறுப்பு? குளிர்காலத்தத் தாண்டறதுக்குள்ளயே எனக்கு நாக்குத் தள்ளுது. இந்த மனுஷன் கோடையிலயும் வீட்டுல இருந்தா எங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் மிஞ்சுவோம்.”

“இங்க அளந்தா எகிறத்தான் செய்யும்,” என்றார் வெர்லின். “நாளைக்கு எங்க பண்ணையில பயிற்சி. வந்து பீப்பாய்க்குள்ள அளந்து பாருங்க. நீங்க வரலேன்னாலும் நான் இறங்கத்தான் போறேன்.”

டாக்டர் வந்தார். வெர்லினின் மார்பில் ஒரு பட்டை கட்டினார். அது நாடித்துடிப்பைக் கையடக்கத் திரைக்கு அனுப்பும். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்றைத் தானும் கட்டிக்கொண்டார். காளையின் பெயர் ஞாயிறு பிரசங்கம். மெதுவாகத்தான் தொடங்கும், எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது.

அது முட்டியது. பீப்பாய் உருண்டது. காபி குடிக்கும்போது நூற்றுப்பத்து காட்டிய திரை எழுபதுக்கு இறங்கியது.

“பட்டை கழண்டுடுச்சா?” என்று வேலியிலிருந்து டாக்டர் கத்தினார்.

“இல்லையே! எவ்வளவு காட்டுது?” என்றது பீப்பாய்.

“எழுபது! பேசாதீங்க, காளை நிக்குது!”

“நிக்கட்டும். அதுக்குக் காது கொஞ்சம் மந்தம்.”

காளை திரும்பி வேலியை நோக்கி ஓடி வந்தது. வேலியின் உச்சிப் பலகைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்று டாக்டருக்கு இன்றுவரை நினைவில்லை. கீழே விழுந்த திரையை ஆர்லிஸ் எடுத்துப் பார்த்தார்.

“உங்களுது நூத்தி எழுபத்தஞ்சு, டாக்டர். வேலைய விட்டுட்டு ஓய்வெடுங்க.”

இறங்கியதும் டாக்டருக்குக் காரணமில்லாமல் சிரிப்பு வந்தது. இரண்டு டோனட் தின்றார். பிறகு மறுபடியும் டாக்டரானார்.

“பீப்பாய்க்குள்ள இருக்கிற நேரம் உங்களைக் கொல்லாது, வெர்லின். மிச்ச நேரம்தான் கொல்லும். சும்மா இருக்கும்போதே உடம்பு சண்டைக்கு நின்னா ரத்தக்குழாய் என்னத்துக்கு ஆகும்? மாத்திரை தரேன். தினமும் அரை மணி நேரம் ஒண்ணும் பண்ணாம உட்காரணும். ஒரு மாசத்துல அழுத்தம் இறங்கினா கையெழுத்து, இல்லேன்னா இல்ல.”

ஆக, காளைமுன் நிற்க அனுமதி வேண்டுமென்றால் சோபாவில் உட்காரக் கற்றுக்கொள்ள வேண்டும். முதல் நாள் இரண்டு கைப்பிடிகளையும் இறுகப் பற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வேர்த்துக் கொட்டியது. கொஞ்ச நேரத்திலேயே எழுந்து போய்க் கார் இன்ஜினைப் பிரித்துப் போட்டார். ஒரு வாரம் இதே கூத்து.

இரண்டாம் வாரம் ஆர்லிஸ் பக்கத்துப் பண்ணைக்காரர்களைக் கூட்டி வந்து, பீப்பாயைத் தூக்கிக் கூடத்தில் வைத்தார்.

மாத முடிவில் டாக்டர் நடீன் வீட்டுக்கே வந்தார். பீப்பாய்க்குள் வெர்லின் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. ஆர்லிஸ் பின்னல் வேலையிலிருந்து தலை நிமிராமல் பீப்பாயை ஓங்கி ஓர் உதை விட்டார்.

“எதுக்கு உதைக்கிறீங்க?”

“அப்பப்ப ஒண்ணு குடுக்கணும் டாக்டர். இல்லேன்னா பதற்றப்படறாரு.”

டாக்டர் குனிந்து கையை உள்ளே விட்டு அளந்தார். இறங்கியிருந்தது. சோபாவில் உட்கார வைத்தும் அளக்க வேண்டுமென்று அவருக்குத் தோன்றியது. சோபாவைப் பார்த்தார், ஆர்லிஸின் முகத்தையும் பார்த்தார். பீப்பாயின் விளிம்பிலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

“அவர்கிட்ட நானே சொல்லட்டுமா?”

“எழுப்பிடாதீங்க,” என்றார் ஆர்லிஸ், குரலைத் தாழ்த்தி. “கல்யாணமானதுலேர்ந்து இந்த ஆளு குறட்டை விட்டு இப்பத்தான் கேக்கறேன்.”